ஊன்றுமதிப்பு: விலை நிற்கும் வண்டிகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மெல்பர்ன் நண்பர் தொடங்கிய விவாத இழையை முழுதும் படித்தேன். அவர் கேட்டது இதுதான்: ஆஸ்திரேலியாவிலேயே தயாரான வேகமான செடான்கள், அதாவது ஹோல்டன் கமடோரின் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) வகைகளும் ஃபோர்டு ஃபால்கனின் ஜிடி, எக்ஸ்ஆர் வகைகளும், இன்னும் இருபது முப்பது ஆண்டு கழித்து விலை நிற்குமா? இதைக் கட்டுரையாக எழுதப் போனால், 'விலை நிற்பது' என்ற தன்மைக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டியிருக்கிறது. 'ரீசேல் வேல்யூ' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அதுவும் இங்கே பொருளைப் பிடிக்கவில்லை. இழையில் வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என் பரிந்துரையாக 'ஊன்றுமதிப்பு' என்ற சொல்லை வைக்கிறேன்.

> கணக்கியலில் 'எஞ்சிய மதிப்பு' ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

ஐயா, தாங்கள் கணக்கியல் கற்பித்தவர். அந்தச் சொல்லின் இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் பாடநூல்களில் தேய்மானத்தை நேர்க்கோட்டு முறையில் போட்டாலும், குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டாலும், கோடு கீழ்நோக்கித்தான் போகும். கடைசியில் மிஞ்சுவது எறிமதிப்பு, அதாவது பழைய பொருளாகக் கழித்துப் போடும்போது கிடைக்கும் தொகை. குத்தகைக்கு எடுத்த அலுவலக வண்டிக்கு 'எஞ்சிய மதிப்பு' பொருத்தமான சொல். ஒப்பந்தம் முடியும் நாளில் என்ன மிஞ்சும் என்பதுதான் அங்கே கேள்வி.

இந்தச் செடான்களில் சிலவற்றின் விலைக்கோடு அப்படிப் போகவில்லை. 1988-இல் வந்த விஎல் கமடோர் எஸ்எஸ் குரூப் ஏ எஸ்வி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தய அணி நடத்திய டாம் வாக்கின்ஷாவின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் அதை 'வாக்கின்ஷா' என்று அழைக்கிறார்கள். களத்தில் ஓட்டப்போகும் வண்டியை 500 எண்ணிக்கையாவது செய்து பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்பது அன்றைய பந்தய விதி. ஹோல்டனின் வேக வண்டிப் பிரிவான எச்எஸ்வி அந்த 500-ஐச் செய்தது, அப்புறம் மேலும் 250 செய்தது. கூடுதல் வண்டிகள் விற்பனைக் கூடங்களில் தேங்கின. காற்றைக் கிழித்துப் போவதற்காகப் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் பாகங்களைப் பார்த்து 'பிளாஸ்டிக் பன்றி' என்றுகூடப் பெயர் வைத்தார்கள். வாங்க ஆள் இல்லாததால் அந்தப் பாகங்களைக் கழற்றிச் சாதாரண வண்டி போல் ஆக்கி விற்றதும் உண்டு. 1990-இல் ஆலன் கிரைஸும் வின் பெர்சியும் இதே வகை வண்டியில் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாதர்ஸ்ட் 1000 கார் பந்தயத்தை வென்றார்கள். அன்று தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்த்த வண்டி, இன்று நல்ல நிலையில் இருந்தால் லட்சக்கணக்கான ஆஸ்திரேலிய டாலருக்குப் போகிறது.

விலை இறங்கியது, ஓர் இடத்தில் நின்றது, பிறகு ஏறியது. 'எஞ்சிய மதிப்பு' என்றால் இந்தக் கதையின் முதல் பகுதி மட்டும்தான் வருகிறது.

'மறுவிற்பனை மதிப்பு' என்பது ஒரு தொகை. எந்த நாளில் விற்றாலும் ஏதோ ஒரு தொகை கிடைக்கும். பழைய இரும்புக்குப் போகும் வண்டிக்கும் மறுவிற்பனை மதிப்பு உண்டு. நமக்கு வேண்டியது தன்மையைச் சொல்லும் சொல். 'எதிர்கால மதிப்பு' நிதிக் கணக்கில் கூட்டு வட்டியோடு சேர்ந்து வேறு பொருளில் பழகிவிட்டது, அதைத் தொட வேண்டாம். 'விலைநிலைப்பு' அழகாக இருக்கிறது. ஆனால் பொருளாதாரக் கட்டுரைகளில் வரும் 'விலை நிலைத்தன்மை'யோடு வாசகர் அதைக் குழப்பிக்கொள்வார்.

'மதிப்புத் தக்கவைப்பு' என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நான்கைந்து பேர் ஆதரவும் தெரிவித்திருக்கிறார்கள். அக்கா, எனக்கு இதில் இலக்கணத் தடை ஒன்று இருக்கிறது. தக்கவைத்தல் பிறவினை. யாரோ ஒருவர் ஒன்றைத் தக்கவைக்க வேண்டும். பதவியைத் தக்கவைக்கிறோம், தொகுதியைத் தக்கவைக்கிறோம். இங்கே வண்டிதான் தன் மதிப்பைத் தக்கவைக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். சந்தையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'விலை நிற்கும்', 'விலை தாங்காது', 'விலை இறங்கிடும்' என்று மதிப்பையே எழுவாயாக வைத்துத் தன்வினையில்தான் பேசுகிறார்கள்.

அதனால்தான் 'ஊன்று' என்ற வினைக்குப் போனேன். வழுக்கிக்கொண்டே இறங்கும் ஒருவர் ஓர் இடத்தில் காலை ஊன்றி நிற்பது போல, இறங்கிக்கொண்டே வரும் விலை ஓரிடத்தில் ஊன்றுகிறது. ஊன்றுகோலும் கால் ஊன்றுதலும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன, எனவே புதுச்சொல் என்ற அச்சம் வாசகருக்கு வராது. ஊன்றுமதிப்பு வினைத்தொகை: ஊன்றிய மதிப்பு, ஊன்றுகின்ற மதிப்பு, ஊன்றும் மதிப்பு என்று மூன்று காலத்துக்கும் விரியும். 1971-இல் செய்த வண்டிக்கும் 2017-இல் செய்த வண்டிக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்த அது வசதி.

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. ஊன்றியது என்றால் 'எதில் ஊன்றியது?' என்ற கேள்வி உடனே வருகிறது. இந்த வண்டிகளைப் பற்றிய பேச்சில் பலரும் தவறவிடுவது அந்தக் கேள்வியைத்தான். இழையிலேயே ஒருவர் இப்படி எழுதினார்:

> ஆலைகள் மூடிவிட்டன. இனி உள்நாட்டு செடான் வரவே வராது. ஆகவே எல்லாவற்றுக்கும் விலை நிற்கும்.

ஆலைகள் மூடியது உண்மை. ஃபோர்டின் பிராட்மெடோஸ் ஆலை 2016 அக்டோபர் 7 அன்றும், ஹோல்டனின் எலிசபெத் ஆலை 2017 அக்டோபர் 20 அன்றும் கடைசி வண்டியை வெளியே விட்டன. இடையில் ஆல்டோனாவில் டொயோட்டாவும் மூடியது. 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக அதன் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. இது அந்த நாட்டு மக்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே ஆலையில் வேலை செய்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

ஆனால் ஹோல்டன் கமிராவும் 1989-க்குப் பிறகு வரவில்லை. மிட்சுபிஷியின் டான்ஸ்லி பார்க் ஆலை 2008-லேயே மூடியது, அங்கே செய்த 380 செடானும் இனி வராது. அவற்றை வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. 'இனி வராது' என்பது மட்டும் மதிப்பு ஊன்றும் தரையாகாது.

தரை எது என்பதை ஃபால்கன் ஜிடிஎச்ஓ ஃபேஸ் 3 தெளிவாகக் காட்டுகிறது. 1971-இல் வெறும் 300 வண்டிகள். 5.8 லிட்டர் வி8. அதே ஆண்டு ஆலன் மொஃபாட் பாதர்ஸ்ட்டில் வென்ற வண்டி. நான்கு கதவு, பின் இருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். மறு ஆண்டு, 1972-இல், மணிக்கு 160 மைல் ஓடும் வண்டிகள் தெருவுக்கு வரப்போகின்றன என்று சிட்னி செய்தித்தாள் ஒன்று கொட்டை எழுத்தில் எழுத, அரசியல் நெருக்கடி கிளம்பி, அடுத்து வரவிருந்த ஃபேஸ் 4 திட்டம் கைவிடப்பட்டது. ஆக, எண்ணிக்கை குறைவு, பந்தய வெற்றி, இடையில் அறுந்துபோன வரிசை என்று மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்தன. புதிதாக 5,300 டாலர் அளவில் விற்றது. 2018-இல் ஒரு வண்டி ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

இங்கே ஒரு மறுப்பு வரலாம், நானே சொல்லிவிடுகிறேன். இதே ஃபேஸ் 3, 2007-இல் 6 லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டு, உலக நிதி நெருக்கடிக்குப் பின் பலமாகச் சரிந்தது. அப்படியானால் ஊன்றவில்லையா? ஊன்றியது என்றுதான் சொல்வேன். சரிந்தபோதும் 1990-களின் விலைக்குத் திரும்பவில்லை, பின்னர் பழைய உச்சத்தையும் கடந்தது. ஊன்றிய கால் அசையலாம். வரையறையில் 'நீண்ட காலம்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இந்த அளவுகோலை அண்மைக்கால வண்டிகள்மேல் வைத்துப் பார்ப்போம். 2017-இன் எச்எஸ்வி ஜிடிஎஸ்ஆர் டபிள்யூ1: 474 கிலோவாட், சூப்பர்சார்ஜர் பொருத்திய 6.2 லிட்டர் வி8, விலை 1,69,990 டாலர், முந்நூறுக்கும் குறைவான வண்டிகள். கொரோனா காலத்தில் இது வாங்கிய விலைக்கு மிக மேலே விற்றது. அதே இன்ஜினோடு செய்த நான்கு யூட் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள) வண்டிகளில் ஒன்று 2021-இல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. டபிள்யூ1 ஊன்றும் என்று நானும் நம்புகிறேன். ஃபால்கன் எக்ஸ்ஆர்8 ஸ்பிரிண்ட் ஆஸ்திரேலியாவுக்கு 750, எக்ஸ்ஆர்6 டர்போ ஸ்பிரிண்ட் 500. அவையும் ஊன்றலாம், குறிப்பாக ஆறு சிலிண்டர் வண்டி. அதன் இன்ஜின் ஆஸ்திரேலியாவில், ஃபோர்டின் ஜீலாங் ஆலையிலேயே வார்த்துச் செய்தது. கமடோரின் பிற்கால வி8-களோ ஜெனரல் மோட்டார்ஸின் வட அமெரிக்க இன்ஜின்கள்.

சாதாரண எஸ்எஸ் கமடோர், சாதாரண எக்ஸ்ஆர்6 நிலை வேறு. பல்லாயிரக்கணக்கில் செய்தவை. அவற்றுக்கென்று பந்தயக் கதை கிடையாது. 'கடைசி ஆண்டு வண்டி' என்று சொல்லி உறை போட்டு மூடிவைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பை மதிக்கிறேன், ஆனால் அதை முதலீடு என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் கெடுதல். கணக்கைப் பாருங்கள்: டபிள்யூ1-க்குக் கொடுத்த 1,69,990 டாலரை ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில் போட்டிருந்தால் 20 ஆண்டில் சுமார் 4.5 லட்சம் ஆகிவிடும். காப்பீடு, பதிவுக் கட்டணம், நிறுத்திவைக்கும் இடம், ஓடாமலே காய்ந்து வெடிக்கும் ரப்பர் பாகங்கள் எல்லாம் அதற்கு மேல். அரிய வண்டிக்கே இந்தக் கணக்கு என்றால், தெருவுக்கு ஒன்று நிற்கும் வண்டிக்கு எப்படிக் கட்டும்?

எனவே நான் முன்வைக்கும் வரையறை:

ஊன்றுமதிப்பு: ஒரு பொருளின் விலைத் தேய்மானம் நின்ற பிறகு, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் நீண்ட காலம் அந்நிலைக்குக் கீழே இறங்காத மதிப்பு, அவ்வாறு நிற்கும் தன்மை.

பயன்பாடு: 'வாக்கின்ஷாவுக்கு ஊன்றுமதிப்பு உண்டு', 'இந்த வண்டி இன்னும் ஊன்றவில்லை', 'ஊன்றுமதிப்பு அற்றது'. வினையாகவும் பெயராகவும் புழங்குவது நல்ல வசதி. இலங்கை நண்பர்கள் 'ஊன்றுபெறுமதி' என்று எழுதலாம். மெல்பர்னிலும் சிட்னியிலும் வாசகர்களில் கணிசமானோர் அவர்கள் என்பதால் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லும் தேவை. வண்டியின் உடலில் அடித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆலைப் பதிவேட்டோடு ஒத்துப்போவதைக் குறிக்க 'எண்ணிணக்கம்' என்று வைக்கலாம். ஃபேஸ் 3 போன்றவற்றில் விலையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சாதாரண ஜிடி ஒன்றை ஃபேஸ் 3 மாதிரி அலங்கரிக்க முடியும். அதை நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் 'நகல் வண்டி', மறைத்து விற்றால் 'போலி வண்டி'. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் காப்பாற்றுங்கள். நகல் செய்து ஓட்டுபவர்களில் பலர் நேர்மையானவர்கள்.

இத்தகைய வேகமான வண்டிகளுக்கு 'செயல்திறன் மகிழுந்து' என்ற சொல் வேண்டாமே. செயல்திறன் என்றால் எரிபொருள் சிக்கனம் என்று படிக்க இடமிருக்கிறது. இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாமே மிகையாக இருப்பதால் 'மிகுதிறன் செடான்' போதும். செடானை மொழிபெயர்க்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வாக்கின்ஷாவை 500 செய்யவைத்த அந்த விதிமுறைக்கு, அதாவது தெருவில் விற்ற வகை என்று காட்டிப் பந்தயத்துக்கு அனுமதி பெறுவதற்கு, 'போட்டியேற்பு' என்று எழுதிப் பார்த்தேன். 'போட்டியேற்பு வண்டி' சரியாக வருகிறது, ஆனால் 'போட்டியேற்புப் பெறுதல்' இடறுகிறது. மோட்டார் பந்தயம் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.