ஹோமியோஸ்டாசிஸ்: தமிழில் என்ன போடலாம்?

உயிரியல் ஆசிரியர், கடலூர்:
பதினொன்றாம் வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹோமியோஸ்டாசிஸ் வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் உடம்பு உள்ளே 37-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறதே, அதுதான். 'உடல் சமநிலை' போட்டுவிடவா? 'ஒருசீர்த்திடநிலை' என்றும் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும்.

தமிழாசிரியர் (ஓய்வு), புதுச்சேரி:
சமம் வடசொல், வேண்டாம். 'அகச்சீர்தூக்கம்' என்க. சீர், தூக்கு இரண்டும் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே உள்ளவை.

பொறியாளர், நெய்வேலி:
ஐயா, 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று குறளில் சமன்தானே முன்னால் நிற்கிறது? வள்ளுவருக்கு ஆனது நமக்கு ஆகாதா? அப்புறம், தூக்கம் என்றதுமே கடைசி பெஞ்ச் கொட்டாவி விடும்.

தமிழாசிரியர்:
சமணர் அமணர் ஆனபோது முதல் சகரம் உதிர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அமை, சமை, சமன் என்று வேரைத் தமிழிலேயே காட்டுவோரும் உண்டு. அப்படியானால் சமன் நம்முடையதே. ஆனாலும் என் ஓட்டு சீர்தூக்கத்துக்குத்தான்.

மருத்துவர், புதுச்சேரி:
எந்த மொழிச் சொல் என்பதல்ல என் சிக்கல். உடம்பின் சூடு சுற்றுப்புறத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிணம் என்று பெயர். உயிரோடிருக்கும்வரை ஓயாத வேலை இது. சூடு ஏறினால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் தோலின் ரத்தக்குழாய்களை விரியவைக்கிறது, வியர்க்கவைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியானால்தான்! நம் கடற்கரைப் புழுக்கத்தில் சட்டைதான் நனைகிறது. காய்ச்சலிலோ உடம்பு வைத்திருக்கும் இலக்கே மேலே போய்விடுகிறது. அதனால்தான் 38 டிகிரியிலும் குளிர் நடுக்கம்.

1926-ல் ஹோமியோஸ்டாசிஸ் என்ற சொல்லை ஆக்கிய அமெரிக்க உடலியங்கியலாளர் வால்ட்டர் கேனன், 'அதே' எனப் பொருள்படும் 'ஹோமோ'வை விட்டுவிட்டு, 'ஒத்த' எனப் பொருள்படும் 'ஹோமியோ'வை எடுத்துக்கொண்டார். அளவு சற்றே ஏறும், இறங்கும். ஆகவே திடநிலையும் சரியில்லை. தொழிற்பெயராக இருக்கட்டும்: 'உள்நிலை பேணல்'.

பொறியாளர்:
பேணல் நன்று. உள்நிலை என்றால் மனநிலை என்று எடுத்துக்கொள்வார்களே? 'உடல்நிலை பேணல்' என்றாலும் காலையில் வாக்கிங் போகச் சொன்னதுபோல இருக்கிறது.

தமிழாசிரியர்:
'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்பதை யாரும் எண்ணவில்லையே! 'மிகைகுறை காப்பு'. சர்க்கரை, உப்பு, சூடு எல்லாம் அதில் அடங்கும்.

மருத்துவர்:
காப்பீட்டுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, ஐயா.

உயிரியல் ஆசிரியர்:
அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. 'உடலின் உள்நிலை பேணல்' என்று போட்டேன். முதல் இடத்தில் மட்டும் ஹோமியோஸ்டாசிஸையும் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகள் சமநிலை என்று எழுதினாலும் மதிப்பெண் போடுவேன். மருத்துவர் மன்னிக்க.

தமிழாசிரியர்:
பேணலுக்கு உடன்படுகிறேன். உள்நிலைக்கு என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சீர்தூக்கம் பற்றித் தனி மடல் நாளை அனுப்புகிறேன்.