பழக்கத்தை மாற்றினால் அதிர்ஷ்டம் கூடுமா? வேலை தேடும்போது எழும் கேள்வி

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம். எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்துவிட்டு பினாங்கில் வேலை தேடுகிறேன். ஆன்லைனில் ரெசியூமே அனுப்புவதோடு சரி. கூடப் படித்தவர்களுக்கோ யாராவது ஒருவர் மூலம் வேலை அமைந்துவிடுகிறது. “அவனுக்கு ராசி இருக்கு, நீ ஒரு ராசிக்கல் மோதிரம் போடு” என்கிறார்கள் வீட்டில். மனப்போக்கும் அன்றாடப் பழக்கமும் அதிர்ஷ்டத்தைக் கூட்டும் என்பது எந்த அளவுக்கு உண்மை? உண்மையானால், நாளைக் காலையில் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

நிபோங்_அண்ணன்:
தம்பி, முதல்ல ரெண்டு வகை அதிர்ஷ்டத்தைப் பிரிச்சுப் பாருங்க. நாலு நம்பர் லாட்டரியில உங்க பழக்கத்துக்கு வேலையே இல்ல. அதுல ‘பிக்’ங்கற வகைச் சீட்டு எடுத்தா 10,000 நம்பர்ல 23க்குப் பரிசு. எல்லாப் பரிசையும் கூட்டி வகுத்தா, போடுற ஒவ்வொரு வெள்ளிக்கும் (100 சென்) சராசரியா 64 சென்தான் திரும்பும். கனவுல வந்த நம்பரா இருந்தாலும் கணக்கு அதேதான். ஆனா வேலை விஷயத்துல, உங்க பேரு எத்தனை பேரு காதுல விழுதுங்கறது உங்க கையில இருக்கு.

மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர். தெரிஞ்சவங்க மூலம் வேலை கிடைச்சவங்களை அமெரிக்காவுல விசாரிச்சு 1973ல எழுதினார். வேலையைச் சொன்ன ஆளை அடிக்கடி பார்க்கிறவங்க சுமார் 17 சதவீதம்தான். எப்பவாவது பார்க்கிறவங்க 55 சதவீதத்துக்கு மேல, மீதிப் பேரு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா அதிகம். காரணம் எளிது: உங்க நெருங்கிய கூட்டாளிக்குத் தெரிஞ்ச காலியிடம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். புதுச் செய்தி வேற வட்டத்துல இருந்துதான் வரும். 2022ல லிங்க்ட்இன்ல 2 கோடிப் பேரை வச்சு நடந்த சோதனையும் கிட்டத்தட்ட இதையே காட்டுச்சு. ஆனா சுத்தமா ஒட்டாத அறிமுகத்தால பெரிய பலன் இல்ல, ஓரளவு தெரிஞ்சவங்கதான் அதிகம் உதவினாங்க.

அதனால இந்த வாரம் 20 பேரு எழுதுங்க: பாலிடெக்னிக் சீனியர், பிராக்டிகல் செஞ்ச இடத்து சூப்பர்வைசர், அப்பாவோட பழைய கூட்டாளி, இப்படி. வாரம் ரெண்டு பேருக்கு மட்டும் வாட்சாப். மூணே வரி: எப்படிப் பழக்கம், இப்ப என்ன தேடுறீங்க, ஒரே ஒரு கேள்வி. “வேலை இருக்கா?”னு கேட்காதீங்க. “இல்லப்பா”னு பதில் வந்துடும், பேச்சு அங்கேயே முடிஞ்சுடும். “உங்க பிளாண்ட்ல மெயின்டெனன்ஸ்ல என்ன பிஎல்சி (மெஷினை இயக்குற கன்ட்ரோலர்) ஓடுது? நான் எதைப் படிச்சு வச்சிருக்கணும்?”னு கேளுங்க. ஒரு நிமிஷத்துல பதில் எழுதலாம், உங்க துறையும் அவங்க மனசுல பதியும். சொன்னதைப் படிச்சுட்டு, மூணு நாலு வாரம் கழிச்சு மறுபடி எழுதுங்க. நிறைய பேரு இங்கதான் விட்டுடறாங்க. காலியிடம் வர்றப்ப ஞாபகத்துக்கு வர்றது ரெண்டாவது தடவை எழுதின பேருதான்.

செந்தூல்_அக்கா:
அண்ணன் சொன்னதோடு மனப்போக்கைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இங்கிலாந்து உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் செய்த சோதனை ஒன்று உண்டு. பத்திரிகை ஒன்றைக் கொடுத்துப் படங்களை எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே அரைப்பக்க அளவில் “எண்ணுவதை நிறுத்துங்கள், இதில் 43 படங்கள்” என்று அச்சிட்டிருந்தது. தங்களை அதிர்ஷ்டசாலி என்று சொல்லிக்கொண்டவர்கள் அதைச் சட்டென்று கண்டார்கள். துரதிர்ஷ்டசாலி என்றவர்களில் பலர் பதற்றத்தில் எண்ணிக்கொண்டே போனார்கள். இதனால் ‘நான் அதிர்ஷ்டசாலி’ என்று நினைத்தாலே கண் திறந்துவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எது காரணம், எது விளைவு என்பதை இந்தச் சோதனை தனியாகப் பிரிக்கவில்லை.

வேலை கிடைத்ததுபோலக் கற்பனை செய்து மகிழ்வதில் ஆபத்தே இருக்கிறது. கேப்ரியேலே ஓட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிக் கனவில் மூழ்கிய பட்டதாரிகள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களுடைய சம்பளமும் குறைவு. ‘முயன்றால் கிடைக்கும்’ என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறான பலன். எனவே ஆசையை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியிலேயே தடை எது என்றும் எழுதுங்கள்.

மோதிரம் பற்றி: ‘அதிர்ஷ்டப் பந்து’ என்று சொல்லிக் கொடுத்தால் கோல்ஃபில் நன்றாக அடிக்கிறார்கள் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. 2014இல் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அம்மாவின் மனநிம்மதிக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

பட்டர்வொர்த்_பையன்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. எனக்கு ரெண்டு சிக்கல். எதைத் தொடங்கினாலும் மூணு நாள்ல விட்டுடுவேன். புது ஆளுங்ககிட்டப் பேசக் கூச்சம் வேற.

தண்ணீர்மலை_72:
விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ‘எப்போது’ என்று முடிவு செய்யாததுதான். “அடிக்கடி எழுதுவேன்” என்பதை விடுங்கள். “சனிக்கிழமை ஃபெரியில் ஏறி உட்கார்ந்ததும் ஒருவருக்கு எழுதுவேன்” என்று, ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க நடுவளவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. குறிப்பேட்டில் நீங்கள் எடுத்த முயற்சியை மட்டும் எழுதுங்கள். பதில் வந்ததா இல்லையா என்று எண்ணத் தொடங்கினால் இரண்டாவது வாரமே சோர்ந்துவிடுவீர்கள்.

கூச்சத்துக்கு ஏற்ற இடம், கையில் வேலை இருக்கும் இடம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் காய் நறுக்கவோ, மோர் ஊற்றவோ நின்றால் பேச்சு தானாக வரும். பக்கத்தில் நிற்பவர் டெக்னீஷியனாக இருக்கலாம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை சூப்பர்வைசராகவும் இருக்கலாம். அன்றைக்குப் போய் நின்றால் இடம் இருக்காது, ஒரு மாதம் முன்பே பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். கிளம்பும் முன் இரண்டு பேரிடமாவது நம்பர் வாங்கி, இரண்டு நாளுக்குள் “மோர் அண்டா பக்கத்தில் நின்ற பையன்” என்று ஒரு வரி அனுப்புங்கள். ஒரு வாரம் கடந்தால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.