பெருங்கடையை எதிர்த்தவர்களே, மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஏரிக்கரைவாசி:
ஏரிக்கு மேற்கே ஹைப்பர்மார்க்கெட் வரப்போகும் கதை இங்கே பலருக்கும் தெரியும். அக்டோபர் 2 கிராம சபையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். "வேண்டாம்" என்று தீர்மானத்தை எழுதியே கொண்டுபோயிருந்தோம். ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் அந்தப் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது, லாரிகள் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் வர வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். கையில் நூறு நாள் வேலை அட்டை. "தம்பி, என் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி கம்பெனிக்குப் போகிறாள். இங்கேயே உட்கார்ந்து பில் போடுகிற வேலை வந்தால் உங்களுக்கு என்ன வலிக்கிறது?" கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். நான் மைக்கைப் பிடித்தபடி வாய்க்காலைப் பற்றியே மறுபடியும் பேசினேன். தீர்மானம் நிறைவேறியது. அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

மளிகைக்கடை வாரிசு:
எங்கள் கடைக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குறிப்பேடு. துவரம்பருப்பு என்ன விலை, உளுந்து என்ன விலை, பொன்னி அரிசி எத்தனை ரகம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா சீரகம் வரைக்கும் பொறுமையாகச் சொல்லி, வெயிலில் வந்திருக்கிறார் என்று கலர் பாட்டில் ஒன்றும் உடைத்துக் கொடுத்தார். கடைசியில் அவர் எதுவும் வாங்கவில்லை. வாசலில் இறங்கும்போது, "ஐயா, நான் அந்தப் புதுக்கடைக்காக விலை எடுக்க வந்தேன், தப்பாக நினைக்காதீர்கள்" என்றார். அப்பா, "தெரியும். நான் சொன்னது எல்லாம் சரியான விலைதான்" என்றார்.

இதே அப்பாதான் 2012 செப்டம்பர் 20 கடையடைப்பில் முதல் ஆளாக ஷட்டரை இறக்கியவர். சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீடு வந்தால் செத்தோம் என்றார்கள். மாநில அரசு விரும்பினால்தான் வரலாம் என்று விதி இருந்தது, தமிழ்நாடு வேண்டாம் என்றது. வெடி வெடித்தோம். மே 5 வணிகர் தின மாநாடுகளில் இன்றைக்கும் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். கடைசியில் எங்கள் தெருமுனைக்கு வந்ததோ நூறு விழுக்காடு உள்நாட்டு முதலாளி. அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

பட்டியலோடு போகிறவள்:
மேலே உள்ளவருக்கு: உங்கள் அப்பா நல்லவராக இருக்கலாம். எங்கள் தெருக் கடையில் பில் கேட்டால் முறைப்பார்கள், சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்கள். பெருங்கடை வந்ததும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தவர் அதே கடைக்காரர்தான். "அக்கா, நம்ம கடை" என்றார். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். நான் போடவில்லை.

மளிகைக்கடை வாரிசு:
மாதக் கடைசியில் கடன் கொடுத்தது யார் என்பதையும் எழுதுங்கள்.

பட்டியலோடு போகிறவள்:
கடன் வாங்கியவர்கள் எழுதட்டும். நான் வாங்கியதில்லை.

தி.நகரில் நின்றவள்:
கிராம சபை அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் ஒரு பெரிய கடையில் புடவைப் பிரிவில் இருந்தேன். காலை 9 மணிக்கு ஏறினால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் கேமராவில் பார்த்துவிட்டு ஆளை அனுப்புவார். கேரளத்தில் 2018இலேயே கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. மறுவாரம் எங்கள் தளத்துக்கும் ஸ்டூல்கள் வந்தன. ஒரு நாள் வலி தாங்காமல் உட்கார்ந்தேன். புடவை பார்க்க வந்த ஒரு பெண்மணி, "உட்கார்ந்துகொண்டே காட்டுவாயா?" என்றார். முதலாளிகூட அப்படிக் கேட்கவில்லை. எழுந்துவிட்டேன். உட்கார்ந்து பில் போடும் வேலை சிலருக்குக் கிடைக்கும், மற்றவர்கள் நிற்பார்கள். அந்த மகளிடம் இதை யாராவது சொல்லுங்கள். அதற்காக வேலைக்குப் போகாதே என்று சொல்லாதீர்கள். நான் அந்தச் சம்பளத்தில்தான் தம்பியைப் படிக்க வைத்தேன்.

ஓய்வுபெற்ற நில அளவையர்:
என் அனுபவம் சிறியது. இதுபோன்ற ஓர் இடத்தில் அளவுக்கல்லைத் தேடிப் போனபோது, அதன்மேல் காவலாளி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொன்னேன், "இதுதான் சார் எனக்கு நாற்காலி" என்றார். அவ்வளவுதான்.

ஏரிக்கரைவாசி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டா நிலத்துக்குள் வாய்க்கால் ஓடுகிறது என்று மேடையில் சொன்னால் மறுபக்கத்துக்குச் சிரிப்பு வரும். அந்த வாய்க்கால் தனிப் புல எண்ணோடு நீர்நிலைப் புறம்போக்கா, இல்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் பதிவேட்டைப் பாருங்கள், புலப்படத்தின் நகல் வாங்குங்கள். புறம்போக்கு என்றால் வழக்கே வேறு. அடுத்து, நிலம் விவசாய வகைப்பாட்டிலா, குடியிருப்பிலா? வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றுவதாக இருந்தால் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பு எந்த மூலையில் வந்தாலும் கத்தரித்து வையுங்கள், கெடு முடிவதற்குள் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். ஆனால் ஆட்சியர் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார் என்று காத்திருக்க வேண்டாம். கட்டடங்களுக்கு அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்திருக்கிறது. 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேளுங்கள். கோஷம் போடுவதற்கு முன்னால் காகிதம் வேண்டும்.

ஏரிக்கரைவாசி:
ஐயா, நன்றி. நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுதினேன்.

ஓய்வுபெற்ற நில அளவையர்:
அ-பதிவேட்டைப் பார்த்தீர்களா, இல்லையா?

கடல் தாண்டியவன்:
2004இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். அருகிலிருந்த இங்கிள்வுட்டில் வால்மார்ட் என்ற பெருங்கடை நிறுவனம், நகர மன்றத்தைச் சுற்றிக்கொண்டு நேராக மக்கள் வாக்கெடுப்புக்கே போனது. 60 ஏக்கரில் கடை கட்ட 71 பக்கத் தீர்மானம். ஜெயித்தால் சுற்றுச்சூழல் ஆய்வும் கிடையாது, பொது விசாரணையும் கிடையாது. எனக்கு வாக்கில்லை. கீழ்வீட்டுப் பாட்டிக்கு இருந்தது. 71 பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார். ஒன்பதாவது பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "நல்ல விஷயத்துக்கு இவ்வளவு காகிதம் ஆகாது" என்றார். ஏப்ரல் 6 அன்று சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள்.

அந்த 60 ஏக்கரை 2014இல் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி உரிமையாளர் வாங்கினார். பக்கத்து நிலத்தோடு சேர்த்து சோஃபை விளையாட்டரங்கம் 2020இல் திறந்தது. பாட்டியின் மகன் வாடகை ஏறியதால் ஊரை விட்டே போய்விட்டான். கடையே வந்திருக்கலாமோ என்று போன மாதம் தொலைபேசியில் கேட்டான். நில அளவையர் ஐயாதான் இதற்கும் ஏதாவது சொல்ல வேண்டும்.

பட்டியலோடு போகிறவள்:
அவர் அங்கேயும் அ-பதிவேட்டைத்தான் கேட்பார்.