மின்புலத்தில் கார்பன் நானோகுழாய்களை (கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்கள்) வரிசைப்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உலைக்குள்ளேயே மின்புலம் கொடுத்து வளர்த்த கதையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். 2001இல் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே டாய் குழுவினர் செய்துகாட்டிய வழிதான். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பள்ளம், மேலே வினையூக்கி, மீத்தேன் வாயு, ஏறக்குறைய 900 டிகிரி சூடு. புலம் மைக்ரானுக்கு 1 வோல்ட் அளவு. 10 மைக்ரான் இடைவெளிக்கு வெறும் 10 வோல்ட்தான், கேட்டால் சிரிப்பு வரும்.

சில்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது முதலில் ஒன்றுமே தெரியவில்லை. நுண்ணோக்கியில் எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 1 கிலோவோல்ட்டுக்கு இறக்கியதும் சில்லின் ஆக்சைடுப் பரப்பின் மேல் வெள்ளைக் கோடுகள் தெளிந்து வந்தன. பள்ளத்தைத் தாண்டிய குழாய்கள் எல்லாம் ஒரே திசையில், விறைப்பாக. பள்ளத்துக்கு வெளியே தரையில் படுத்தவையோ சீவாத தலைமுடி மாதிரி கிடந்தன. புலம் அங்கேயும் இருந்தது. ஆனால் பரப்பைத் தொட்ட குழாயை வான்டர்வால்ஸ் விசை (நெருங்கிய பரப்புகளுக்கு நடுவே இருக்கும் ஈர்ப்பு) பிடித்துக்கொள்கிறது, அப்புறம் அது திரும்பவே திரும்பாது. அந்தரத்தில் நீளும்போதுதான் புலத்துக்கு அதன்மேல் அதிகாரம். குழாய் நீளவாக்கில் எளிதில் முனைவாகும், அதாவது ஒரு நுனியில் நேர்மின்னும் மறு நுனியில் எதிர்மின்னும் சேரும், அதனால் புலத்தின் திசைக்கு முறுக்கப்படுகிறது. குட்டைக் குழாயை வெப்ப அதிர்வு அலைக்கழிக்கும். நீளம் கூடக் கூட முறுக்குவிசைதான் ஜெயிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: மெல்லிய தங்கப் படல மின்முனை இந்தச் சூட்டில் உருண்டு திரண்டுவிடும். மாலிப்டினம் தாங்கும்.

மறுமொழி 1

உலை வசதி இல்லாததால் நான் போனது சொட்டு வழி. ஏற்கெனவே வளர்ந்த குழாய்களை எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் கலந்த நீரில் மீயொலியால் பிரித்து, மின்முனைகளின் மேல் ஒரு சொட்டு விட்டு, ஏசி கொடுத்தால் போதும். டிசி கொடுத்தால் நீர் மின்னாற்பகுப்பாகி குமிழி கிளம்பும், அயனிகளும் குறுக்கே வரும். முனைவாக்கத்தால் வரும் முறுக்குவிசை புலத்தின் இருமடியைப் பொறுத்தது. திசை மாறிக்கொண்டே இருந்தாலும் குழாய்க்குக் கவலையில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. அதிர்வெண்ணை 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் உலோகம் போல மின்சாரம் கடத்தும் கார்பன் குழாய்கள் மின்முனையில் வந்து ஒட்டும், குறைக்கடத்திக் குழாய்கள் பெரும்பாலும் நீரிலேயே நின்றுவிடும். 2003இல் குருப்கே குழுவினர் காட்டியது இது. டிரான்சிஸ்டர் செய்ய நினைப்பவருக்கு ஒட்டியது வேண்டாதது, கழுவி ஊற்றப் போகிற நீரில்தான் சரக்கு!

இன்னொன்று, தொடரில் ஒரு மின்தடை போடுங்கள். முதல் குழாய் பாலமானதும் மின்னோட்டம் பாயும், இடைவெளியில் மின்னழுத்தம் தானாகவே குறையும். இல்லையென்றால் கற்றையாகக் குவிந்துவிடும்.

மறுமொழி 2

நிக்கலை வினையூக்கியாக வைத்து, பிளாஸ்மாவில் (அயனியாக்கப்பட்ட வாயுவில்) செங்குத்தாக வளர்ப்பவன் நான். தனியாக மின்முனை வடிவமைக்கிற தலைவலியே கிடையாது, பிளாஸ்மாவுக்கும் சில்லுக்கும் நடுவே உருவாகும் உறைப் பகுதியே புலத்தைத் தந்துவிடும். பாதியில் பிளாஸ்மாவை நிறுத்திவிட்டு வெப்பத்தில் மட்டும் வளர விட்டுப் பார்த்தோம். முதலில் வளர்ந்த பகுதி நெட்டுக்குத்தாக நின்றது, பின்னால் வளர்ந்தது சுருண்டுபோனது. ஒரே குழாயில் இரண்டும். இதில் கிடைப்பது பலசுவர்க் குழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள்), குறைபாடுகளும் அதிகம். மின்னணுச் சாதனம் செய்ய எண்ணுபவர்கள் இந்தப் பக்கம் வராமல் மேலே சொன்ன சொட்டு வழியையே பாருங்கள்.