பள்ளி முற்றத்து மரங்களை எடுத்துவிட்டுச் சிமெண்ட் கல் பதிக்கலாமா?

கடைமடை ஆசிரியை:
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் 43 பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். முற்றத்தில் இரண்டு பூவரசு, ஒரு புங்கை, சமையல்கூடத்தை ஒட்டி ஒரு வாகை நிற்கின்றன. நான்கையும் எடுத்துவிட்டு முற்றம் முழுவதும் சிமெண்ட் கல் பதிக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பணம் தருகிறார். வெள்ளிக்கிழமை முடிவெடுக்கிறார்கள். கூடவே கூடாது என்பது என் கருத்து.

பங்குனி மாதம் பகல் பன்னிரண்டரைக்கு எங்கள் வகுப்பறையில் மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிடும். உள்ளே உட்கார்ந்தால் சோற்றில் பாதியை ஒதுக்கிவிடும் பிள்ளை, புங்கை நிழலில் உட்கார்ந்தால் இரண்டாவது கரண்டி கேட்கிறது. ஆறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சிறுவன் ஒருவன் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. பெயரைக் கேட்டாலும் தரையைப் பார்ப்பான். ஒரு நாள் பூவரச இலை ஒன்றைச் சுருட்டி, நுனியை விரலால் நசுக்கிப் பீப்பி ஊதினான். மற்ற பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டு, தங்களுக்கும் செய்து தரச் சொல்லிக் கை நீட்டினார்கள். "இளசு கிழிந்துவிடும், முற்றினதாகப் பறி" என்றான். பள்ளிக்கூடத்தில் அவன் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அந்த இலையை நான் எந்தக் கடையில் வாங்குவேன்?

என்னைப் பற்றியும் சொல்கிறேன். மற்ற ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். மதியம் அந்த மரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்தால்தான் பிற்பகலில் பிள்ளைகளிடம் எரிந்து விழாமல் இருக்கிறேன்.

மூன்றாம் வகுப்புத் தகப்பன்:
டீச்சர், வணக்கம். நானும் அதே ஊர்தான். என் மகளுக்கு நீங்கள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் கல் பதிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது என் தோப்பில் 80 தென்னை நின்றது. விடிந்தபோது ஒன்பது. பக்கத்து ஊரில் பள்ளிக்கூட ஓட்டுக் கட்டடத்தின் மேல் வாகை ஒன்று வேரோடு விழுந்து கிடந்ததை நான் நின்று பார்த்தேன். உள்ளே பெஞ்சு இரண்டாகப் பிளந்திருந்தது. இரவில் அடித்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். நம் வாகையும் சமையல்கூடத்தின் பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது. அதன் கீழே தினமும் 43 பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள்.

பாம்பும் இருக்கிறது. போன கார்த்திகையில் கழிப்பறைக்குப் பின்னால் கட்டுவிரியன் அடித்தோம். ஐப்பசி, கார்த்திகையில் முற்றம் சேறாகிவிடுகிறது. என் மகள் வழுக்கி விழுந்து முழங்கையில் தையல் போட்டோம். கல் பதித்தால் சுத்தமாக இருக்கும் என்று ஒரு தகப்பன் நினைப்பது தவறா?

குடந்தைவாசி:
டீச்சர் சொல்வதற்கு ஆய்வின் துணையும் உண்டு. ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்தில் 36 தொடக்கப் பள்ளிகள், 7 முதல் 10 வயதுள்ள 2,593 பிள்ளைகள்; ஓராண்டு கவனித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிக்குள்ளும் சுற்றிலும் பசுமை மிகுந்த இடத்தில் படித்தவர்களுக்கு, மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் நினைவுத்திறன் கூடுதலாக வளர்ந்திருந்தது. கவனமின்மை குறைந்திருந்தது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984-இலேயே, ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று காட்டினார். இதற்கு மேலும் என்ன வேண்டும்?

தஞ்சைக் கணக்காசிரியர்:
நண்பரே, அந்த பார்சிலோனா ஆய்வை முழுவதும் படிக்க வேண்டும். பலனில் 20 முதல் 65 விழுக்காடு வரை, காற்றில் வாகனப் புகை குறைந்திருந்ததோடு தொடர்புடையது என்று ஆய்வாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். மரம் புகையைத் தடுத்தது, அதனால் மூளைக்கு நன்மை என்று கொண்டால், நாளைக்கு நான்கு பஸ் போகும் கடைமடைக் கிராமத்தில் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? உல்ரிச் பார்த்தது பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த பெரியவர்களை. அதைக் கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

நான் மரத்துக்கு எதிரி அல்ல. ஆனால் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை இழுத்துக்கொண்டு போகும் பள்ளியில், டீச்சரின் களைப்புக்கு மருந்து மூன்றாவது ஆசிரியர். 2009 கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. அதை மாற்றக் கேட்காமல் மரத்தடியில் உட்கார்ந்து ஆறுதல் அடையச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

கடைமடை ஆசிரியை:
சார், மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று நானும் மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் வரும்வரை மரமாவது நிற்கட்டும். புகையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பிரச்சினை புகையே இல்லை, வெயில். நிழல் இல்லாத முற்றத்துக்குப் பிள்ளை போகாது, வகுப்புக்குள்ளேயே அடைந்து கிடக்கும். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டு, தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5. அங்கே மரத்தை அளக்கவில்லை, வெளியே இருந்த நேரத்தைத்தான் அளந்தார்கள். எங்கள் ஊர் வெயிலில் மரம் இல்லாமல் 40 நிமிடம் யார் வெளியே நிற்பது? பக்கத்து ஒன்றியத்தில் கல் பதித்த பள்ளிக்குப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். செருப்பில்லாத பிள்ளைகள் குதிகாலை மட்டும் ஊன்றித் தட்டுக் கழுவ ஓடினார்கள்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோரும் ஆசிரியரையும் பிள்ளையையும் பற்றிப் பேசுகிறீர்கள். என் அம்மா வேறொரு ஊர்ப் பள்ளியில் தூய்மைப் பணியாளர். மாசி, பங்குனியில் இலை கொட்டும் காலத்தில் காலையில் ஒரு முறை பெருக்கி நிமிர்வதற்குள் முற்றம் பழையபடி ஆகிவிடும். சம்பளம் அதேதான், நேரம் இரண்டு மடங்கு. இடுப்பில் தைலம் தேய்த்துவிடுவது நான். பள்ளியில் வேலை செய்பவர்களின் நலம் என்றால் அதில் அவரும் சேர்த்திதானே? மரத்தை வைத்துக்கொள்ளுங்கள், மகிழ்ச்சி. யார் பெருக்குவது, என்ன கூலி என்று எழுதி வைத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை ஆசிரியை:
தங்கை, நீ சொன்னது என்னைச் சுட்டது. எங்கள் பள்ளியிலும் ஒரு அம்மா இருக்கிறார். மரத்தடியில் நான் உட்காரும் கால் மணி நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வெள்ளிக்கிழமை இதைத்தான் முதலில் பேசுவேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
34 வருடம் மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் இருந்தவன், கொஞ்சம் சொல்கிறேன்.

முன்பெல்லாம் நிழல் வேண்டுமென்றால் கீற்றுப் பந்தல் போட்டுவிடுவோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததுதான் சரி. அதற்குப் பதிலாக வந்த தகரக் கொட்டகைக்குள் சித்திரையில் உட்கார முடியாது. ஆகவே பள்ளிக்கு மிஞ்சிய நிழல் மரம் ஒன்றுதான்.

மரத்தை வைத்திருக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆவணியிலேயே, பருவமழைக்கு முன்பாக, உள்கிளைகளைக் கழித்துவிட வேண்டும். காற்று ஊடே போய்விட்டால் மரம் தாங்கும். தலை கனத்து நிற்கும் மரம்தான் விழும். பூவரசும் புன்னையும் புங்கையும் கடற்கரை உப்புக்கும் ஈடுகொடுக்கும். வாகை சீக்கிரம் வளரும், கிளையும் சீக்கிரம் முறியும். கட்டடத்தை ஒட்டி வைத்திருக்கக் கூடாது. அந்த ஒரு மரத்தில் தகப்பனார் பயப்படுவது நியாயம்.

பாம்பு மரத்தைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. கழிப்பறைக்குப் பின்னால் உடைந்த செங்கல்லும் பழைய மேசையும் குவித்து வைத்திருப்பீர்கள், மீந்த சோற்றையும் அங்கேதான் கொட்டுவீர்கள். கல் பதித்தாலும் அந்தக் குவியல் அங்கேயே இருந்தால் பாம்பும் இருக்கும்.

தஞ்சைக் கணக்காசிரியர்:
ஐயா சொன்ன நிழல் கணக்கு எனக்குப் புரிகிறது. மரம் மூளையை வளர்க்கும் என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. நிழலுக்காக வேண்டும் என்று கேளுங்கள், அதுவே போதுமான காரணம்.

மூன்றாம் வகுப்புத் தகப்பன்:
ஐயா, அந்தக் குவியல் அங்கேதான் இருக்கிறது. சரியாகச் சொல்லிவிட்டீர்கள். பூவரசும் புங்கையும் நிற்கட்டும். ஆவணியில் ஆள் வைத்துக் கழிக்கிற செலவு என்னுடையது. வாகையை மட்டும் நான் விட மாட்டேன், டீச்சர். அதன் கீழே என் மகள் நிற்கிறாள்.

கடைமடை ஆசிரியை:
அந்த வாகைக்காக நான் வாதாட மாட்டேன் அண்ணா. அரசு நிலத்து மரம் என்பதால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், மனுவை நானே எழுதுகிறேன். அதற்கு ஈடாக மேற்குச் சுவர் ஓரம் இரண்டு புன்னை வைக்க வேண்டும். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். பணம் தருகிறவரிடம் நீங்கள் பேசுவீர்களா? முற்றம் முழுவதும் கல் வேண்டாம், வாசலிலிருந்து சமையல்கூடம் வரை நடைபாதை போதும். மீதியில், பெருக்குகிற அம்மாவுக்கு இலை கொட்டும் இரண்டு மாதத்துக்குக் கூடுதல் கூலி.

மூன்றாம் வகுப்புத் தகப்பன்:
இன்று இரவு அவரிடம் பேசுகிறேன். கழிப்பறைக்குப் போகும் வழியையும் நடைபாதையில் சேர்த்துக்கொள்ளுங்கள், டீச்சர். என் மகள் விழுந்தது அங்கேதான்.