மழைநீர்த் தொட்டியின் வெளியேற்றத் துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி?

கேள்வி (கீழ்க்கோடி வாசி):
எங்கள் குடியிருப்பின் மழைநீர் வடிகால்கள் அனைத்தும் ஒரு தேக்கத் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து தெருக் கால்வாய்க்குச் செல்கின்றன. தெருவில் வெள்ளம் ஏறுவதைத் தவிர்ப்பதற்காக, வெளியேறும் குழாயின் வாயில் 100 மி.மீ. துளையிட்ட இரும்புத் தகட்டைப் பொருத்தினோம். ஐப்பசி மழையில் வேப்பஞ்சருகும் பால் உறைகளும் அத்துளையை அடைத்து, தண்ணீர் வாகன நிறுத்தத்துக்குள் புகுந்துவிட்டது. தகட்டின் மீதே கம்பி வலை அடித்துப் பார்த்தோம். அது துளையைவிட விரைவாக அடைத்துக்கொண்டது. துளையைப் பெரிதாக்கலாமா?

பதில் (நீர்வழி):
வேண்டாம் ஐயா. துளைக்கு மேல் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும்போது 100 மி.மீ. துளை நொடிக்கு ஏறத்தாழ 21 லிட்டர் விடும், 150 மி.மீ. ஆக்கினால் அது இரண்டேகால் மடங்காகிவிடும். தவறு துளையில் இல்லை, வலையை வைத்த இடத்தில்தான் இருக்கிறது. துளையை ஒட்டி நீரின் வேகம் மிகுதி என்பதால், அங்கு வரும் பாலித்தீன் உறை வலையோடு ஒட்டிக்கொண்டு விலகாது. துளையிலிருந்து தள்ளி, அதன் பரப்பைப் போலப் பல மடங்கு திறப்புள்ள கம்பித் தடுப்பைச் சாய்வாக நிறுத்துங்கள். கம்பிகளுக்கு இடையேயான இடைவெளி துளையின் விட்டத்தில் பாதி இருந்தால் போதும். துளைக்குள் எளிதாகப் போய்விடக்கூடிய சருகைத் தடுத்து நிறுத்துவதால் பயனில்லை. குழாயின் வாயில் கீழ்நோக்கிய வளைவு ஒன்றைப் பொருத்தி, தகட்டை அதற்குப் பின்னால் வைத்தால், தொட்டி நிரம்பியிருக்கும்போது மிதக்கும் குப்பை மேலேயே நின்றுவிடும்.

பதில் (ஏரிக்கரை):
முந்தைய பதிலில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வளைவின் வாய் அடித்தளத்தை ஒட்டினால் வண்டலை இழுக்கும். உயர்த்தினால் அதற்குக் கீழுள்ள தண்ணீர் வடியாமல் நின்று, ஒரு வாரத்தில் கொசு உற்பத்தியாகும். நம் ஏரிகளில் பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் அமைப்பான குமிழித் தூம்பில் தண்ணீருக்கு நீரோடித் துளையும், அடியில் சேற்றுக்குச் சேறோடித் துளையும் தனித்தனியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில், வளைவின் வாயை ஓரடி உயர்த்திவிட்டு, அடிமட்டத்தில் சல்லி சூழ்ந்த சிறு கசிவுக் குழாய் ஒன்றைத் தனியே வையுங்கள். சல்லியும் நாளடைவில் அடைபடும் என்பதால் ஆண்டுதோறும் புரட்டாசியில் அதை அள்ளிக் கழுவ வேண்டியிருக்கும். தொட்டிக்கு முன்பாக, ஆள் இறங்கி மண்வெட்டியால் அள்ளக்கூடிய அகலத்தில் ஒரு வண்டல் குழியும் தேவை.

பதில் (நீர்வழி):
கசிவுக் குழாயை ஏற்கிறேன். பிரிட்டனில் பரவலாக உள்ள சுழல்வகைக் கட்டுப்பாட்டுக் கருவியில் நீர் சுழன்று தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்வதால், அதே வெளியேற்றத்துக்குத் துளை பெரிதாக இருக்கலாம். அசையும் உறுப்பும் கிடையாது. ஆனால் உங்கள் தொட்டிக்கு அதைவிட அவசரமானது கலங்கல், அதாவது மிகைநீர் வழிந்தோடும் வழி. எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஏதோ ஒரு நள்ளிரவு மழையில் துளை அடைபடத்தான் செய்யும். வாகன நிறுத்தத்தின் தரைமட்டத்துக்குக் கீழே, கம்பித் தடுப்பு ஏதுமின்றி, தெருக் கால்வாயை நோக்கி அகலமான வழிந்தோடும் விளிம்பை முதலில் கட்டுங்கள். தகட்டு வேலையைப் பிறகு பார்க்கலாம்.