நடுத்தர ரம்பத்துக்கு எந்த பார், எந்த செயின்: பயன்படுத்துவோரின் அனுபவங்கள்

தொடங்கியவர்

50 சிசி செயின் ரம்பம் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி ஓர் ஆசை எழுவதைப் பார்க்கிறேன். மெஷினோடு வந்த 16 அங்குல பாரை (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கழற்றிவிட்டு 20 அங்குல பாரை மாட்ட வேண்டும். எப்போதாவது ஒரு பருத்த மரம் வரும், அதற்காக! என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் எதை அறுக்கிறோமோ அதற்குத்தான் பார் வாங்க வேண்டும். என்றைக்கோ வரப்போகும் மரத்துக்காக வாங்கினால் மற்ற எல்லா நாளும் அதன் பாரத்தைக் கையும் மெஷினும் சுமக்க வேண்டியிருக்கும்.

ஸ்டில் எம்எஸ் 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி போன்ற மெஷின்கள் தருவது சுமார் 3 கிலோவாட் திறன். மரத்துக்குள் ஒரே நேரத்தில் இறங்கியிருக்கும் பற்கள் அத்தனையும் அந்தத் திறனைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. பார் நீண்டால் பங்குக்கு வரும் பற்கள் கூடும். செயின் உரசி ஓடும் தூரமும் கூடும். எண்ணெய் பம்ப் மட்டும் அதே பம்ப்.

காற்றில் சாய்ந்த ஒரு மரத்தைத் துண்டு போடும்போது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். உடன் வேலை செய்த ஒருவர் 50 சிசி மெஷினில் 20 அங்குல பாரும் 3/8 செயினும் போட்டிருந்தார் (இந்த எண் செயினின் பிட்ச், அதாவது ரிவெட்டுகளின் சராசரி இடைவெளி, அங்குலத்தில்). அடிமரத்தில் பார் முழுக்க இறங்கியதும் மெஷினின் சுருதி இறங்கிவிட்டது. செயின் ஓடவில்லை, ஊர்ந்தது. கிளட்ச் பக்கமிருந்து கருகல் வாடை வந்தது. நிறுத்திப் பாரைக் கழற்றினோம். நுனிக்குச் சற்று முன்னால் பாரின் விளிம்பு நீலம் பாய்ந்து கிடந்தது. விரல் நகத்தை ஓட்டினால் வெளிப்புறமாக மடிந்த பிசிறு தட்டுப்பட்டது. நுனியில் எண்ணெய்ப் பசையே இல்லை.

நல்ல வேளையாக மெஷினோடு வந்த 16 அங்குல பார், 0.325 செயின், அதற்குரிய ஸ்பிராக்கெட் (செயினை இழுத்து ஓட்டும் பல் சக்கரம்) மூன்றையும் அவர் வண்டியில் வைத்திருந்தார். மாற்றி மாட்டி, அதே அடிமரத்தை இரண்டு பக்கமிருந்தும் அறுத்தோம். மெஷின் ஒரே குரலில் பாடியது. காலடியில் விழுந்தது தூளாக இல்லாமல் சீவலாக இருந்தது. இரு பக்கமும் அறுக்கத் தெரிந்தவருக்கு பாரின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விட்டம் வரை கைக்கு எட்டும். அப்படியிருக்க நான்கு அங்குலம் கூட்டி என்ன கண்டோம்?

50 சிசி மெஷினுக்கு நான் சொல்வது 16 அங்குலம், மிஞ்சினால் 18. செயின் 0.325 பிட்ச், 0.050 கேஜ் (பாரின் காடிக்குள் ஓடும் பகுதியின் தடிமன், அங்குலத்தில்), முடிந்தால் ஒடுங்கிய வெட்டு வகை. அது மரத்தில் இடும் பள்ளமே சிறியது. எடுக்க வேண்டிய மரம் குறைவதால் மெஷினுக்குச் சுமையும் குறைகிறது. உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

பழுது பார்ப்பவர்

பட்டறைக்கு வருபவர்கள் "18 அங்குலச் செயின் ஒன்று வேண்டும்" என்று கேட்பார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் செயின் எடுத்துத் தர முடியாது. 0.325 பிட்சில் 18 அங்குல பாருக்கு ஹஸ்க்வர்னாவில் 72 டிரைவ் லிங்க் (பாரின் காடிக்குள் ஓடும் கண்ணி), ஸ்டிலில் 74. இரண்டு லிங்க் வித்தியாசம் என்றால் ஒன்றில் மாட்டவே மாட்டாது, மற்றதில் இழுத்துக் கட்டினாலும் தொங்கும். நீளம் என்பது பாருக்குப் பெயர் மட்டுமே. செயினுக்கு அடையாளம் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய மூன்றும். பாரின் அடிப்பகுதியில் இவை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெயும் தூளும் அப்பியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. ஒரு துணியால் துடைத்தால் போதும்.

பொறிப்பு அழிந்திருந்தால் அளக்க வேண்டியதுதான். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். 0.325 செயினில் மூன்று ரிவெட்டு தூரம் 16.5 மிமீ, 3/8 செயினில் சுமார் 18.6 மிமீ. கேஜ் என்பது பாரின் காடிக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் தடிமன். 0.050 என்றால் 1.3 மிமீ, 0.058 என்றால் 1.5 மிமீ, 0.063 என்றால் 1.6 மிமீ.

ஒருமுறை வந்தவர் டிரைவ் லிங்கில் 72 என்று இருப்பதைக் காட்டி, "இதில் 72 லிங்க் இருக்கிறது, எழுதியே இருக்கிறதே" என்றார். ஓரிகன் என்ற நிறுவனத்தின் செயினில் அந்த எண் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை. 72 என்றால் 3/8 பிட்ச், 0.050 கேஜ். 73 என்றால் அதே பிட்சில் 0.058, 75 என்றால் 0.063. 0.325 பிட்சுக்கு இதே வரிசையில் 20, 21, 22. லிங்கை எண்ணித்தான் ஆக வேண்டும். போதாக்குறைக்கு, 72 லிங்க் என்பது 18 அங்குல 0.325 பாருக்கும் வரும், 20 அங்குல 3/8 பாருக்கும் வரும். எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கேட்டாலும் கதை முடிந்தது.

கேஜ் பொருந்தாததுதான் எல்லாவற்றிலும் வஞ்சகமான கோளாறு. பிட்ச் தப்பினால் ஸ்பிராக்கெட்டில் உட்காராமல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தடித்த செயின் மெல்லிய காடிக்குள் போகவே போகாது. மெல்லிய செயின் அகன்ற காடிக்குள் சுகமாகப் போய் உட்கார்ந்து ஓடவும் ஓடும். அதுதான் ஆபத்து. ஒருவர் மெஷின் எப்போதும் வலப்பக்கம் வளைத்தே அறுக்கிறது என்று கொண்டுவந்தார். பற்களைத் திரும்பத் திரும்ப அராவிப் பாதியாக்கியிருந்தார். பல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். கொட்டக் காத்திருக்கும் பால் பல் மாதிரி ஆடியது. பாரின் காடி 0.058, செயின் 0.050. அப்படிப்பட்ட செயின் சாய்ந்தே ஓடும், வெட்டு வளையும், என்றைக்காவது பாரை விட்டுக் கழன்று வீசும்.

கேஜ் சரியாக இருந்தும் வெட்டு வளைந்தால் பற்களைப் பாருங்கள். செயின் பல் இடம், வலம் என மாறி மாறி நிற்பது சும்மா இல்லை. 1946இல் ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி, மரம் துளைக்கும் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டே முன்னேறுவதைக் கவனித்தார். அதைப் பின்பற்றி அவர் 1947இல் கொண்டுவந்த செயினின் வழியில்தான் இன்றைய செயின்கள் வருகின்றன. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் குட்டையாகிவிட்டால் அந்தச் சமநிலை போய்விடும், வெட்டு ஒருபக்கமாக இழுக்கும்.

விறகு அறுப்பவர்

நீளம் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பல்லின் வடிவம்தான் பெரிய விஷயமாக இருந்தது. நான் அறுக்கும் கட்டைகள் தரையில் இழுத்து வரப்பட்டவை. பட்டையின் வெடிப்புகளில் மண் இருக்கும், சில நேரம் சிறு கல்லும் இருக்கும். எல்லோரும் புகழ்கிறார்கள் என்று முழு உளி வகைச் செயினை வாங்கிப் போட்டேன். புதிதாக இருந்தபோது வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லின் வேலை முழுவதும் அதன் கூர்மூலையில்தான் இருக்கிறது. மண் பட்டதும் முதலில் மழுங்குவதும் அந்த மூலைதான். மூலை போன பிறகு மெஷினை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது, தூள் மாவாகக் கொட்டுகிறது.

அரை உளி வகையில் பல்லின் மூலை உருட்டப்பட்டிருக்கும். சுத்தமான மரத்தில் வேகம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் கூர்மை நெடுநேரம் நிற்கிறது, சற்று மழுங்கினாலும் அறுத்துக்கொண்டே போகிறது. காய்ந்து இறுகிய மரத்துக்கும் இதைத்தான் நம்புகிறேன். தேக்கு போலச் சிலிக்கா கொண்ட மரங்களும் கூர்மையை விரைவில் தின்றுவிடும். பச்சை மரத்தை நின்ற இடத்திலேயே சுத்தமாக வெட்டுபவர்கள் முழு உளி போடட்டும். என் வேலைக்கு அது ஆகாது. அறுக்கும் இடத்தில் பட்டையைக் கோடரியால் செதுக்கிவிட்டு அறுப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். அதற்குச் செலவாகும் நேரம் அராவும் நேரத்தில் மிச்சமாகிவிடுகிறது.

கிளை கழிப்பவர்

கிளை வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி. நாள் முழுவதும் மெஷினைத் தூக்கித் திருப்பும் வேலையில் 15 அல்லது 16 அங்குலத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். நீண்ட பாரின் நுனி எங்கே இருக்கிறது என்பது கிளைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிவதில்லை. நுனியின் மேல் கால்பகுதி இன்னொரு கிளையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். நுனி வளைவு சிறியதாக உள்ள பாரையும், எகிறலைக் குறைக்கும் தடுப்பு லிங்க் உள்ள செயினையும் கேட்டு வாங்குங்கள். வேகம் குறைகிறது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

60 சிசி வைத்திருப்பவர்

தொடங்கியவரின் கணக்கு 50 சிசிக்குச் சரி. ஆனால் நடுத்தர ரம்பம் என்றால் 60 சிசியும் அதில் சேரும். ஹஸ்க்வர்னா 562 எக்ஸ்பி, ஸ்டில் எம்எஸ் 362 போன்றவற்றில் 20 அங்குல பாரும் 3/8 செயினும் பொருத்தமான இணைதான். என் வேலை பெரும்பாலும் பருத்த அடிமரம். 18 போட்டால் ஒவ்வொரு முறையும் மறுபக்கம் சுற்றிப் போக வேண்டும். சரிவான இடத்தில், உருளக்கூடிய கட்டையின் கீழ்ப்பக்கம் போய் நிற்பது எனக்குச் சம்மதமில்லை. எனவே நீளம் என்பது எப்போதும் வீண் ஆசை இல்லை. சில இடங்களில் ஒரே பக்கம் நின்று வேலையை முடிக்கவும் அது வழி செய்கிறது.

7 பல் ஸ்பிராக்கெட்டை எடுத்துவிட்டு 8 பல் போட்டால் செயின் வேகம் கூடும் என்றார்கள், போட்டுப் பார்த்தேன். 16 அங்குல பாரோடு மெல்லிய, மிருதுவான மரத்தில் பறந்தது. 20 அங்குலம் முழுக்க இறங்கியதும் இழுவை இல்லாமல் திணறியது. வேகம் கூடினால் இழுவிசை குறைகிறது, கணக்கு அவ்வளவுதான். 7 பல்லையே திரும்பப் போட்டுவிட்டேன்.

பழுது பார்ப்பவர்

ஸ்பிராக்கெட் பேச்சு வந்ததால் ஒன்று. 0.325இலிருந்து 3/8க்கு மாற நினைப்பவர்கள் செயினை மட்டும் மாற்ற முடியாது. ஸ்பிராக்கெட்டும் மாற வேண்டும், நுனியில் சக்கரம் உள்ள பார் என்றால் அந்தச் சக்கரமும் அதே பிட்சில் இருக்க வேண்டும். 3/8 என்ற பெயரிலேயே தாழ்ந்த வகை ஒன்று சிறிய மெஷின்களுக்கு வருகிறது. எண் ஒன்றுதான், லிங்கின் உருவம் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். அடுத்து, தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினைப் போடாதீர்கள். பல்லில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தாலே மாற்றிவிட வேண்டும். பழைய ஸ்பிராக்கெட் புதுச் செயினையும் தன் தேய்மானத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

தொடங்கியவர்

60 சிசி நண்பர் சொன்ன சரிவு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். நிற்கும் இடம் பாதுகாப்பாக இல்லையென்றால் நீளமான பார்தான் நியாயம். அப்போதும் 50 சிசிக்கு 18 அங்குலத்தோடு நிற்பேன். அதற்கு மேல் தேவைப்படும் வேலை பெரிய மெஷினுக்குரியது. எண்ணெய் அளவைக் கூட்டும் திருகு உள்ள மெஷினில் 18 போடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன் வெளிர் நிற அட்டை ஒன்றுக்கு மேலே நுனியைப் பிடித்து மெஷினை முடுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அறுக்க வேண்டாம்.

அரம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தவருக்கு: 0.325 செயினுக்கு 4.8 மிமீ உருண்டை அரம். 3/8க்கு ஓரிகன் சொல்வது 5.5, ஸ்டில் சொல்வது 5.2, தாழ்ந்த 3/8க்கு 4 மிமீ. பல்லுக்கு முன்னால் நிற்கும் ரேக்கரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல்லை அராவ அராவ பல்லின் உயரம் குறைகிறது, ரேக்கர் மட்டும் அப்படியே நிற்கிறது. அப்புறம் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. இரண்டுக்கும் 0.65 மிமீ வித்தியாசம் இருக்க வேண்டும், அளவுகோல் வைத்துத் தட்டை அரத்தால் இறக்குங்கள். அவசரத்தில் அதிகமாக இறக்கினால் பல் மரத்தைக் கவ்விப் பிடிக்கும், எகிறலும் கூடும்.

செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரு விளிம்பும் சமமாகத் தேயும். பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, காடிக்குள் அடைந்த தூளையும் எண்ணெய்த் துளையையும் சுத்தம் செய்யுங்கள். சூடான செயினை இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது அது சுருங்கி, கிராங்க் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும்.